கிட்டக் கேளாத குழாய்

தந்தியக்காவுக்கு நோர்வேயில் இருந்த ஒரு கிழவியின் முழங்கால் நோவு தெரியும். வேலிக்கு இந்தப் பக்கம் என் மகன் மலேரியாக் காய்ச்சலில் பல்லுக் கிட்டிக் கிடந்தது தெரியாது. அப்படி ஒரு மனுசி.

யாழ்ப்பாணமே இடம்பெயர்ந்து வன்னிக்கு வந்த மறு வருஷம், ஸ்கந்தபுரத்தில் எங்கள் வளவுக்குப் பக்கத்து வளவில் கொட்டில் போட்டுக்கொண்டு வந்தவர். ஐம்பத்தைந்து வயது இருக்கும். தபால் கந்தோரில் தந்தி அடித்து ஓய்வு பெற்றவர் என்பதால் ஊர் அவரைத் தந்தியக்கா என்றது. சொந்தப் பெயரை நான் கேட்டதில்லை. கேட்டிருந்தாலும் அவர் காதில் விழுந்திருக்காது. எல்லோரும் சட்டி பானையும் பாயும் கட்டிக்கொண்டு வந்த நேரத்தில், இந்த மனுசி சைக்கிள் கரியரில் ஒரு ரேடியோவையும், ஒன்றுக்குள் ஒன்று போகிற அலுமினியக் குழாய்களையும் கட்டிக்கொண்டு வந்தார்.

"உலையில உந்தக் குழாயையோ போடப்போறா?" என்று எங்கள் வீட்டுக்காரர் சிரித்தார்.

அது என்ன குழாய் என்று பிறகுதான் அறிந்தோம். அவரும் காலஞ்சென்ற கணவரும் முன்னொரு காலத்தில் லைசென்ஸ் எடுத்து, வீட்டிலிருந்தபடியே வேறு நாட்டு ஆட்களோடு தந்திமொழியில் கதைத்தவர்களாம். அமெச்சூர் வானொலி என்று அதற்குப் பெயர். சம்பளத்துக்கு இல்லை, ஆசைக்கு. சண்டை தொடங்கியதும் அனுப்புகிற கருவியை ஒப்படைக்கச் சொல்லிவிட்டார்கள். கேட்கிற கருவி மட்டும் மிஞ்சியது. அதோடு அக்காவுக்கு வாய் போய்க் காது மட்டும் இருந்தது.

ஒரே மகன். இருபத்திரண்டு வயது. வெளியே போக இயக்கத்திடம் பாஸ் எடுத்து வவுனியாவால் கொழும்புக்குப் போய், அங்கிருந்து கனடாவுக்குப் போனவன். கடிதம் ஒன்றும் வந்தபாடில்லை. கடிதம் வருகிற காலமும் இல்லை அது. ஆனால் போகும்போது தாயும் மகனும் ஒரு ஒப்பந்தம் செய்திருந்தார்கள். அவன் போய்ச் சேர்ந்ததும் அங்குள்ள யாராவது ஒரு வானொலிக்காரரைப் பிடித்து, பின்னேரங்களில் தாய்க்குத் தந்தி அடிக்கவேண்டும். தாய் பதில் சொல்ல முடியாது. கேட்டால் போதும்.

வந்த புதிதில் அவர் கட்டியது குழாய் இல்லை, கம்பி. முருங்கை மரத்திலிருந்து வேப்பமரத்துக்குக் குறுக்கே, ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் மேலே. பார்த்தால் உடுப்புக் காயப்போடுகிற கொடிதான். நானும் நல்ல மனத்தோடு என் ஈரச் சேலையைக் கொண்டுபோய் அதில் போட்டேன். மனுசி கொட்டிலுக்குள்ளிருந்து பாய்ந்து வந்தார்.

"எடு பிள்ளை, எடு! ஆர் உதில சீலை போடச் சொன்னது? உது கொடியில்லை, என்ர காது!"

"காது எண்டால் கொஞ்சம் உயரத்தில வைச்சிருக்க வேண்டியதுதானே அக்கா" என்றேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். ஊரில் எல்லோருக்கும் தெரியும்.

அப்படித்தான் எங்கள் பழக்கம் தொடங்கியது. பற்றரியை வன்னிக்குள் விட அரசாங்கம் தடை போட்டிருந்தது. மின்சாரம் என்ற சொல்லையே பிள்ளைகள் மறந்திருந்தார்கள். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றினால் டைனமோவில் ரேடியோ வேலை செய்யும். அக்கா காதுக் கருவியைப் போட்டுக்கொண்டு கேட்கவேண்டும் என்றால் இன்னொரு ஆள் சுற்றவேண்டும். அந்த ஆள் நான். பின்னேரத்தில் மிளகாய்க் கன்றுகளுக்குத் தண்ணீர் விட்டுக் களைத்த கையால் நான் பெடலைச் சுற்ற, அவர் உலகத்தைச் சுற்றி வருவார். எனக்கு ஒரு சத்தமும் கேட்காது. டைனமோவின் உறுமல் மட்டும்தான்.

ஒரு நாள் என்ன நினைத்தாரோ, நான் சுற்றிக்கொண்டிருக்கும்போதே காதுக் கருவியைக் கழற்றிவிட்டு எழும்பிப் போனார். முகம் வெளிறிப்போயிருந்தது. மறுநாள் காலையில் பார்த்தால் கம்பியை அவிழ்த்துச் சுருட்டிவிட்டார். வளவின் மூலையில் கிடங்கு வெட்டி, அந்தக் குழாய்களை ஒன்றோடொன்று பொருத்தி நெட்டுக்குத்தாக நிறுத்திக்கொண்டிருந்தார்.

அதோடு விட்டாரா? குழாய்க்கு வேர் வேண்டுமாம். பழைய அரிசி ஆலை மோட்டர் ஒன்று எங்கள் கொட்டிலில் எரிந்துபோய்க் கிடந்தது. அதன் செப்புக் கம்பியைப் பிரித்துத் தரச் சொல்லி எங்கள் வீட்டுக்காரரிடம் கெஞ்சி வாங்கி, குழாயின் அடியிலிருந்து நாலா பக்கமும் மண்ணுக்குள் தாட்டார். அதில் ஒன்று வேலிக்குக் கீழால் என் மிளகாய்ப் பாத்திக்கே வந்துவிட்டது. நான் மண்வெட்டியால் கொத்தியபோது அறுந்தது.

"ஆரடி என்ர வேரை அறுத்தது?" என்று சத்தம்.

"உங்கட வேர் என்ர பாத்திக்குள்ள என்ன செய்யுது எண்டு முதல்ல சொல்லுங்கோ!"

சண்டை முடிந்து தேத்தண்ணியும் பனங்கட்டியும் தந்தபிறகு கேட்டேன். "கம்பி வடிவாத்தானே இருந்தது அக்கா. ஒருத்தருக்கும் தெரியாது, கரைச்சலும் இல்லை. மேலால விமானம் போற காலத்தில, ஊருக்கே தெரியிற மாதிரி உந்தக் கோதாரிக் குழாய் என்னத்துக்கு?"

அவர் கொட்டில் வாசலைக் காட்டினார். "மழை நேர பெய்தா எங்க விழும்? முற்றத்தில. தூவானம் எங்கால வரும்? சரிஞ்சு, வாசலால வரும். கிட்ட இருக்கிறவன் அடிக்கிறது மேல போய் நேர கீழ விழும். அதுக்குத் தாழக் கட்டின கம்பி காணும். கடல் தாண்டி இருக்கிறவன் அடிக்கிறது தூவானம் மாதிரிச் சரிஞ்சுதான் வரும். அதைப் பிடிக்க நிமிந்து நிக்கிற குழாய் வேணும்."

"அப்ப குழாய்க்குக் கிட்ட உள்ளது கேக்காதோ?"

"பக்கத்து வளவெண்டாக் கேக்கும். முல்லைத்தீவு, மாங்குளம், வவுனியா... உதுகள் கேக்காது. தாண்டிப் போயிடும்." தேத்தண்ணியில் ஒரு மிடறு குடித்தார். "எனக்குக் கிட்ட உள்ளது வேண்டாம். என்ர பிள்ளை தூரத்தில எல்லோ இருக்கிறான்."

நியாயமான கதைதான். நான் நம்பினேன்.

குழாய் நிமிர்ந்த நாளிலிருந்து அக்காவின் காதும் அந்தக் குழாயின் காதாகவே போய்விட்டது. பிரேசிலில் ஒருவன் ஆட்டுக் கொட்டில் கட்டுகிறான் என்பார். யப்பானில் பூ பூத்துவிட்டது என்பார். அதைச் சொல்லிக்கொண்டிருக்கையில் அடுப்பில் மரவள்ளிக்கிழங்கு அடிப்பிடித்துப் புகை கூரையைத் தாண்டும். மகனுக்குக் காய்ச்சல் கடுமையாகி, நான் அவனைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடித் திரும்பிய அன்று, வேலியால் எட்டிப் பார்த்து, "எங்க பிள்ளை, பின்னேரம் காணேல்லை? தெருவால போன பொடியன் ஒருத்தனைப் பிடிச்சுச் சுத்தவிட்டனான். நோர்வேயில தந்தி அடிக்கிற கிழவன்ர பெண்சாதிக்கு முழங்கால் நோ குறைஞ்சிட்டுதாம்" என்றார்.

எனக்கு வந்த ஆத்திரத்தை எப்படிச் சொல்ல! "அக்கா, உங்களுக்கு நெஞ்சில ஈரம் எண்டு ஏதும் இருக்குதோ?" என்று கத்திவிட்டு உள்ளே போய்விட்டேன். சில நாட்கள் பெடல் சுற்றப் போகவில்லை. அவரும் கூப்பிடவில்லை.

ஊரில் பலரும் அவரை விசரி என்றார்கள். பீரங்கியால் செல் குத்துகிற சத்தம் கேட்டால் எல்லோரும் வெளியே வந்து, எந்தப் பக்கம் விழுகிறது என்று காது கொடுத்துக் கேட்போம். அவர் மட்டும் உள்ளே போய்விடுவார். யாராவது போராளி வீரச்சாவு என்றால் ஒலிபெருக்கி கட்டிய வாகனம் சோக இசையோடு தெருவால் வரும். பெயரும் ஊரும் சொல்வார்கள். வாசல் தோறும் தாய்மார் நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு நிற்பார்கள். அந்த வாகனம் எங்கள் ஒழுங்கைக்குத் திரும்பினால் போதும், தந்தியக்கா கிணற்றடிக்குப் போய்த் தண்ணீர் அள்ளத் தொடங்குவார். நிரம்பி வழிகிற வாளிக்குள் மேலும் மேலும் ஊற்றுவார். வாளி கிணற்றுச் சுவரில் மோதுகிற சத்தத்தில் பெயர் கேட்காது. கல்நெஞ்சுக்காரி என்று நினைத்தேன்.

இயக்கத்துப் பொடியள் இரண்டு பேர் ஒரு நாள் சைக்கிளில் வந்தார்கள். குழாயைப் பார்த்துவிட்டுத்தான். ஒருவன் இளையவன், மற்றவன் கொஞ்சம் வளர்ந்தவன்.

"அம்மா, இதை இறக்குங்கோ. மேல வாறவனுக்கு இது நல்ல அடையாளம்" என்றான் வளர்ந்தவன். "ரேடியோ கேக்கிறதெண்டாக் குறுக்கால கட்டுங்கோ, கொடி மாதிரி."

"குறுக்கால கட்டினா உங்கட ஆக்களின்ர கதையெல்லாம் எனக்குக் கேக்கும் தம்பி. பரவாயில்லையோ?"

அவன் ஒரு கணம் யோசித்தான். குழாயை மேலும் கீழும் பார்த்தான். விஷயம் தெரிந்தவன்போல. பிறகு சிரித்துவிட்டான். "அப்ப நிக்கட்டும். ஓலையைச் சுத்திக் கட்டுங்கோ. மரம் மாதிரித் தெரியட்டும்."

போகும்போது கேட்டான். "மகன் எங்கயம்மா?"

"கனடாவில."

அவன் தலையைக் குனிந்து சைக்கிள் மணியைத் தடவிக்கொண்டு நின்றான். "ஓமம்மா. நல்லம்" என்றான். நான் பக்கத்தில்தான் நின்றேன். அந்தக் குனிவு எனக்குப் பிடிக்கவில்லை.

மல்லாவிச் சந்தையில்தான் விஷயம் வெளிச்சத்துக்கு வந்தது. மிளகாய் விற்கப் போன இடத்தில், கத்தரிக்காய் வைத்திருந்த மனுசி அக்காவின் ஊர்க்காரி. கதையோடு கதையாக, பக்கத்து வளவில் இருக்கிற தந்தியக்காவின் மகன் கனடாவில் என்று சொன்னேன்.

"ஆர் கனடா போனது?" என்றாள் அவள். "அவன் வவுனியா தாண்டேல்லை, பிள்ளை. பாதி வழியில திரும்பி இயக்கத்துக்குப் போட்டான். உடுப்போட என்ர கண்ணால கண்டனான். தந்திமொழி தெரிஞ்ச பிள்ளையெண்டு செய்தி அனுப்புற இடத்தில வைச்சிருக்கினமாம். அம்மாட்டைச் சொல்லாதேங்கோ எண்டு என்ர கையைப் பிடிச்சுக் கெஞ்சினவன்."

வழி முழுக்க என்னத்தைச் சொல்வது, எப்படிச் சொல்வது என்று நினைத்து நினைத்துச் சைக்கிளை உருட்டிக்கொண்டே வந்தேன். அந்த மனுசி குழாயை நட்டு, வேர் பரப்பி, ஓலை கட்டி, கனடாவுக்குக் காது கொடுத்துக்கொண்டிருக்கிறார். பிள்ளையோ காட்டுக்கு அந்தப் பக்கம்.

படலையைத் திறந்தேன். அக்கா முற்றத்தில் புழுங்கல் அரிசி காயவைத்துக்கொண்டிருந்தார். என் முகத்தைப் பார்த்தார்.

"மல்லாவிக்குப் போனனான் அக்கா. அங்க உங்கட ஊர்..."

"சொல்லாத" என்றார். "எனக்குத் தெரியும்."

அரிசியைக் கையால் பரவிக்கொண்டே சொன்னார். கம்பி கட்டியிருந்த அந்த முதல் நாட்களிலேயே அவனைக் கேட்டுவிட்டாராம். இலக்கங்கள்தான் அடித்தான், என்ன செய்தி என்று விளங்கவில்லை. ஆனால் கை விளங்கியது.

"ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு கை இருக்கு, பிள்ளை. நடை மாதிரி. சின்னனில சோத்துக் கோப்பையில கரண்டியால தட்டித்தான் அவனுக்குப் பழக்கினனான். தந்தியெண்டாப் புள்ளியும் கோடும்தானே, அவன் கடைசிக் கோட்டை இழுப்பான். நான் சரியெண்டு தலையாட்டும் மட்டும் கரண்டியை எடுக்கமாட்டான். அண்டைக்கும் அப்பிடித்தான் இழுத்தான். பக்கத்து அறையில இருந்து தட்டினமாதிரி இருந்தது."

"அப்ப போய்ப் பாக்கலாமே அக்கா! கேட்டுக்கொண்டெண்டாலும் இருக்கலாமே! ஏன் கம்பியை அவிழ்த்தனீங்கள்?"

"இண்டைக்கு இருக்கிறான் எண்டு கேக்கிற காதுக்கு, ஒரு நாளைக்கு இல்லையெண்டும் கேக்கும்." கை நின்றுவிட்டது. "அந்த நாளை நான் கேக்கமாட்டன். கனடாவில இருக்கிறான் எண்டு நான் நம்புறன் எண்டு நினைச்சு அவன் அங்க நிம்மதியா இருக்கிறான். நானும் இருந்திட்டுப் போறன். குழாயில அவன் கேக்காட்டி, அவன் இல்லையெண்டு அர்த்தமில்லை. விளங்குதோ?"

விளங்கியது. கிணற்றடியில் வாளிக்கு ஏன் அவ்வளவு தண்ணீர் என்பதும் சேர்ந்தே விளங்கியது. நான் அவர் பக்கத்தில் குந்தியிருந்து அரிசியைப் பரவினேன். அன்று பின்னேரம் போய்ப் பெடலையும் சுற்றினேன். நோர்வேக் கிழவியின் முழங்காலை நானே விசாரித்தேன்.

பிறகு பெரிய சண்டை ஒன்று நடந்தது. வன்னியில் இருந்தவர்களுக்கு எத்தனையோ பெரிய சண்டைகள். அதில் ஒன்று என்று வையுங்கள். ஒலிபெருக்கி வாகனம் நாள் முழுக்கத் தெருவில் நின்றது. கடைசியில் அது அக்காவின் வாசலுக்கே வந்தபோது அக்காவால் வாளியை எடுக்க முடியவில்லை. முன்னால் இறங்கியவன், முன்பு குழாயைப் பார்க்க வந்த அந்த வளர்ந்த பொடியன். அவனுக்கு ஒரு கை போயிருந்தது.

மகனின் பெட்டி மூடித்தான் வந்தது. திறக்கவேண்டாம் என்றார்கள். திறக்கக்கூடிய நிலையில் இல்லையாம். தாய்மார் பெட்டியைக் கட்டிப்பிடித்து, "ஒருக்காக் காட்டுங்கோ, காலையெண்டாலும் காட்டுங்கோ" என்று குழறுவதைப் பல செத்தவீடுகளில் கண்டிருக்கிறேன். தந்தியக்கா குழறவில்லை. பெட்டியின் மேல் காதை வைத்துப் படுத்தார். விரலால் மெதுவாகத் தட்டினார். நாங்கள் தூக்கும்வரைக்கும் தட்டிக்கொண்டே இருந்தார்.

அடக்கம் முடிந்த மறுநாள் என்னைக் கூப்பிட்டார். "பிள்ளை, குழாயை இறக்கப் பிடி."

"இப்ப என்னத்துக்கு அக்கா?"

"பெட்டிக்குள்ள ஆர் எண்டு நான் கண்டனானே? நீ கண்டனியே? ஒருத்தரும் காணேல்லை. அவன் இல்லையெண்டு என்ர காது சொல்லட்டும். அப்ப நம்புறன்."

ஓலையை அவிழ்த்து, குழாயைச் சாய்த்து, மறுபடியும் முருங்கைக்கும் வேம்புக்கும் குறுக்கே கம்பியைக் கட்டினோம். நான் பெடலைச் சுற்றினேன். அவர் கேட்டார். ஒன்றும் இல்லை என்று தலையாட்டினார். அடுத்த பின்னேரமும் இல்லை. அதற்கடுத்ததும் இல்லை. எனக்கு அவரைப் பார்க்கவே பயமாக இருந்தது. கடவுளே, இதற்குள் இந்த மனுசிக்கு ஒரு நம்பிக்கையைக் கொடுத்துவிடாதே என்று வேண்டிக்கொண்டேன்.

ஒரு நாள் பின்னேரம் அவர் திடுக்கிட்டு நிமிர்ந்தார். என் தோளை இறுக்கிப் பிடித்தார்.

"சுத்து! விடாமச் சுத்து! இழுக்கிறான்... கடைசிக் கோட்டை இழுக்கிறான்!"

நான் இன்னும் வேகமாகச் சுற்றினேன். "அவனோ அக்கா? அவனோ?"

கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். முகத்தில் வந்த வெளிச்சம் நான் பார்த்துக்கொண்டிருக்கவே வடிந்தது.

"இல்லை" என்றார். "பிழை விடுது. திரும்ப அடிக்குது. புதுக் கை." பிறகு, எனக்கா தனக்கா என்று தெரியாமல், "அவன்தான் பழக்கியிருக்கிறான். இழுக்கவும் பழக்கிப்போட்டான், மோட்டுப் பிள்ளை" என்றார். அதற்குப் பிறகுதான் அழுதார். அன்று அழுத அழுகையை என்னால் எழுத முடியாது. இரண்டு பேரும் அந்தக் கவிழ்ந்த சைக்கிளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதோம்.

அதோடு ரேடியோவை மூடிவிடுவார் என்று நினைத்தேன். இல்லை. மறுநாளும் கூப்பிட்டார். குழாயை மறுபடி நிமிர்த்தவும் இல்லை. இழுக்கிற அந்தக் கையைக் கேட்பதற்கென்றே உட்கார்ந்தார். "இருக்குது" என்பார். அந்த ஒரு சொல்தான். அதைச் சொன்னபிறகுதான் சோறு சாப்பிடுவார். போகப் போக, "இண்டைக்குப் பிழை விடேல்லை" என்பார். "பெட்டைப் பிள்ளையா இருக்கவேணும், மெத்தெண்ட கை" என்பார். "அதின்ர தாய் எங்க இருக்கிறாவோ. இந்த நேரம் பிள்ளை சுகமா இருக்குது எண்டு அவவுக்கு ஆர் சொல்லுறது?"

இன்னொன்றும் நடந்தது. அக்காவுக்குக் கிட்ட உள்ளதெல்லாம் கேட்கத் தொடங்கியது. என் மகன் இருமினால் வேலியால் கூப்பிட்டுக் கேட்பார். கூரை ஒழுகுகிறது என்று நான் யாருக்கோ சொன்னதைக் கேட்டு ஓலை பின்னிக்கொண்டு வந்து தந்தார். ஒலிபெருக்கி வாகனம் வந்தால் கிணற்றடிக்குப் போகாமல் மற்றத் தாய்மாரோடு வாசலுக்கு வந்து நின்று ஒவ்வொரு பெயரையும் கேட்டார். பழைய தந்தியக்காவைத்தான் நான் திட்டித் தீர்த்தேன். ஆனால் சத்தியமாகச் சொல்கிறேன், அந்தச் செவிட்டு மனுசியே இருந்திருக்கலாம் என்று எனக்கு மனம் கிடந்து அடித்துக்கொண்டது. கிட்டக் கேட்பவர்களுக்கு எங்கள் ஊரில் நித்திரை இல்லை.

மாரி தொடங்குவதற்குக் கொஞ்சம் முன்பு, இரண்டு மூன்று நாட்கள் செல் சத்தம் ஓயாமல் கேட்டது. பிறகு ஓய்ந்தது. ஓய்ந்த அன்று பின்னேரமும் வழமைபோல நான் போய்ப் பெடலைச் சுற்றினேன். அக்கா காதுக் கருவியைப் போட்டுக்கொண்டு இருந்தார். கை வலித்தது. மற்றக் கையால் சுற்றினேன். வெயில் முருங்கையை விட்டு இறங்கிவிட்டது.

"அக்கா, பிள்ளை இருக்குதோ?" என்று கேட்டேன்.

அவர் காதுக் கருவியைக் கழற்றி மெதுவாக ரேடியோவின் மேல் வைத்தார். எழும்பிக் கிணற்றடிக்குப் போனார். அங்கே தோய்த்துப் பிழிந்து வைத்திருந்த தன் சேலையை எடுத்துக்கொண்டு வந்து, முருங்கைக்கும் வேம்புக்கும் நடுவே அந்தக் கம்பியில் விரித்து, ஓரத்தை இழுத்துவிட்டுக் காயப் போட்டார்.

நான் நிறுத்தத் தெரியாமல் பெடலைச் சுற்றிக்கொண்டே இருந்தேன்.